இன்ஜின் கொதிக்கிறதா? எப்போது கொதிக்கிறது என்று கவனியுங்கள்

கோம்பாக் டோலைத் தாண்டி காராக் நெடுஞ்சாலையில் ஏறும்போது, பானட்டைத் திறந்து வைத்து ஓரமாக நிற்கும் கார்களைப் பெருநாள் விடுமுறைகளில் பார்த்திருப்பீர்கள். "ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை போல" என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். தண்ணீர் குறைந்திருக்கலாம். ஆனால் அது ஏன் குறைந்தது? எங்கும் ஒழுகாத காரில் கூலன்ட் சும்மா குறைவதில்லை.

பட்டறைக்குப் போகும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சாலை நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, வேகம் எடுத்ததும் தணிந்தால், பெரும்பாலும் ஃபேன்தான் கோளாறு. காரை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே ஏர்கானைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மாறாக, மேட்டில் ஏறும்போதோ நெடுஞ்சாலை வேகத்திலோ சூடேறினால், கூலன்ட் சரியாகச் சுற்றவில்லை என்று பொருள். அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

பலர் மறப்பது ரேடியேட்டர் மூடியை. அது வெறும் மூடியல்ல. உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 டிகிரி வரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் சூடான கூலன்ட் ரிசர்வ் டேங்குக்குத் தள்ளப்படும்; ஆறிய பிறகு திரும்பி வராது. என் பழைய காருக்குத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் மாற்றிய பிறகுதான் குற்றவாளி இந்த மூடி என்று தெரிந்தது. சில பத்து வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை!

"நம் நாட்டில் பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு?" என்று குழாய்த் தண்ணீரையே ஊற்றுவோர் இன்னும் இருக்கிறார்கள். பனிக்காக மட்டும் அல்ல. துருவும் உப்புப் படிவமும் சேராமல் காப்பதும் அதுதான். ரேடியேட்டர் நீர் காவி நிறமாகியிருந்தால் துரு பிடிக்கத் தொடங்கிவிட்டது.

வெளியே ஒழுகல் தெரியாமல் கூலன்ட் குறைகிறதா? ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி போன்ற படிவம், புகைக்குழாயில் நிற்காத வெள்ளைப் புகை, ரிசர்வ் டேங்கில் தொடர்ந்து குமிழி இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால் "அடுத்த டோல் வரை போய்விடலாம்" என்று நினைக்கவே வேண்டாம். அந்தச் சில கிலோமீட்டரில்தான் சிலிண்டர் ஹெட் வளைகிறது. செலவு ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போகிறது. சூடேறினால் ஹீட்டரைப் போடச் சொல்லும் வெளிநாட்டு யோசனையும் இங்கு எடுபடாது. நம் உள்நாட்டுக் கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. ஏர்கானை அடைத்து, ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். பிள்ளைகளோடு சாலைத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். குறைந்தது அரை மணி நேரம் ஆறாமல் மூடியில் கை வைக்காதீர்கள். பீறிடும் கொதிநீர் முகத்தைப் பொசுக்கிவிடும். ஆறிய பின், வேறு வழியில்லையென்றால், குடிநீரை ஊற்றிப் பக்கத்துப் பட்டறை வரை மெதுவாகப் போகலாம். ஊற்றியதெல்லாம் கீழே ஒழுகினால் இழுவை வண்டியை அழையுங்கள்.