பத்தொன்பதாம் நூற்றாண்டு அடிபந்தாட்ட மட்டைகளைச் சேகரித்தல்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அடிபந்தாட்ட மட்டைகளைச் சேகரித்தல் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1900ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட பேஸ்பால் மட்டைகளைத் தேடிக் காலம் கணித்துப் பாதுகாக்கும் பொழுதுபோக்கும் அதனைச் சார்ந்த வணிகமும் ஆகும். இக்கால மட்டைகளில் பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயரோ, ஆடியவர் பெயரோ, ஆண்டோ காணப்படுவதில்லை. ஆகவே மட்டையின் வடிவம், மரம், மேற்பூச்சு, தேய்மானம் ஆகியவையே அதன் வயதுக்கான முதன்மைச் சான்றுகள். இச்சான்றுகள் ஒருமுறை அழிக்கப்பட்டால் மீட்க இயலாதவை என்பதால், இத்துறையில் பழுதுபார்த்தலை விடப் பழுதுபாராது விடுதலே உயர்வாகக் கருதப்படுகிறது.

பின்னணி

நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கழகம் 1845இல் தன் ஆட்ட விதிகளை எழுத்தில் வகுத்தது. அக்காலத்தில் மட்டைக்கெனத் தனித் தொழிற்சாலைகள் இல்லை. ஆட்டக்காரர்கள் தாங்களே மரத்தைச் செதுக்கிக்கொண்டனர். அல்லது உள்ளூர்த் தச்சரிடம் கடைந்து வாங்கினர். வண்டியின் ஏர்க்கால் போன்ற பழைய மரத்துண்டுகளும் மட்டையாக்கப்பட்டன. பிற்காலத்தில் ஸ்பால்டிங் நிறுவனம் தன் மட்டை வகை ஒன்றுக்கு வண்டி ஏர்க்காலைக் குறிக்கும் 'வேகன் டங்' என்னும் பெயரையே சூட்டியது.

ஹிக்கரி, ஆஷ், மேப்பிள், வில்லோ, பாஸ்வுட் முதலிய பல மரங்கள் பயன்பட்டன. ஹிக்கரி உறுதியானது, ஆனால் எடை மிகுந்தது. எடை குறைவும் உறுதியும் ஒருங்கே அமைந்த ஆஷ் மரம் நூற்றாண்டின் இறுதியில் முதலிடம் பெற்றது. தொடக்ககால மட்டைகள் பல 40 அவுன்சுக்கும் மேற்பட்டவை. கைப்பிடி தடித்தும், அதிலிருந்து பருத்த பகுதி வரை தடிமன் மெல்ல மெல்லக் கூடியும் இருக்கும். மெல்லிய கைப்பிடி பின்னர் வந்த வழக்கம்.

விதிகளைக் கொண்டு காலம் கணித்தல்

ஆட்ட விதிகளில் ஏற்பட்ட மாற்றங்கள் சேகரிப்பாளருக்கு நாட்காட்டி போலப் பயன்படுகின்றன.

• 1859: மட்டையின் விட்டம் 2.5 அங்குலத்துக்கு மேற்படலாகாது என்னும் வரம்பு ஏற்பட்டது. நீளத்துக்கு வரம்பு இல்லை.
• 1860களின் இறுதி: நீளம் 42 அங்குலத்துக்கு மேற்படலாகாது என்று வகுக்கப்பட்டது. இவ்வரம்பு இன்றும் நடைமுறையில் உள்ளது.
• 1885: நேசனல் லீக் ஒரு பக்கம் தட்டையான மட்டையை அனுமதித்தது.
• 1893: மட்டை முழுவதும் உருண்டையாக இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தட்டை மட்டைகள் விலக்கப்பட்டன.
• 1895: விட்ட வரம்பு 2.75 அங்குலமாக உயர்த்தப்பட்டது.

இவை உயர்நிலைப் போட்டிகளுக்கான விதிகள் என்பதை மறத்தல் கூடாது. சிற்றூர்களிலும் பள்ளிகளிலும் ஆடியவர்கள் விதிநூலைப் பார்த்து மட்டை செய்யவில்லை. ஆகவே ஒரு மட்டை தட்டையாக இருப்பது 1885-1893 காலத்தைச் சுட்டும் குறிப்பே தவிர, முடிவான சான்று ஆகாது.

மரத்தின் இயல்பும் ஒரு சான்றாகும். மரம் காயும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் மிகுதியாகவும், அவற்றின் குறுக்கே குறைவாகவும் சுருங்கும். இதனால் உருண்டையாகக் கடையப்பட்ட பழைய மட்டை காலப்போக்கில் சற்றே நீள்வட்டமாகிறது. பருத்த பகுதியை இரு திசைகளில் அளந்து பார்க்கும்போது இவ்வேறுபாடு புலப்படும்.

அரிய வகைகள்

தட்டை மட்டைகள் எட்டு ஆண்டுகளே அனுமதிக்கப்பட்டவை என்பதால் பெரிதும் நாடப்படுகின்றன. பருத்த பகுதியைச் சுற்றி வண்ணக் கோடுகள் தீட்டப்பட்ட 'வளைய மட்டைகள்' மற்றொரு வகை. இவற்றில் வண்ணம் உதிராதிருப்பது மதிப்பை மிகவும் கூட்டும். சிக்காகோவைச் சேர்ந்த எமில் கின்ஸ்ட் 1890இல் காப்புரிமை பெற்ற வளைந்த மட்டை 'வாழைப்பழ மட்டை' எனப்படுகிறது. பந்துக்குச் சுழற்சி தருவதே அதன் நோக்கம். வெற்றி பெற்ற அணிக்கோ சிறந்த ஆட்டக்காரருக்கோ வழங்கப்பட்ட, வெள்ளித் தகடு பதித்த பரிசு மட்டைகளில் பெயரும் நாளும் பொறிக்கப்பட்டிருப்பதால் அவை வரலாற்று ஆவணங்களாகவும் விளங்குகின்றன.

காளான் வடிவக் குமிழ் கொண்ட மட்டையும், லஜோய் என்னும் ஆட்டக்காரரின் பெயரால் அறியப்படும் இரட்டைக் குமிழ் மட்டையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. பழமையான தோற்றத்தால் இவை முந்தைய நூற்றாண்டினவாகத் தவறாக எண்ணப்படுவதுண்டு.

தயாரிப்பாளர்களும் முத்திரைகளும்

1870கள் முதல் விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள் மட்டை விற்பனையில் இறங்கின. சிக்காகோவில் 1876இல் தொடங்கப்பட்ட ஸ்பால்டிங், பாஸ்டனின் ரைட் அண்ட் டிட்சன், பிலடெல்பியாவின் ரீச், நியூயார்க்கின் பெக் அண்ட் ஸ்னைடர் ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஹில்லரிச் குடும்பத்தினர் மரக்கடைசல் பட்டறை நடத்தினர். 'லூயிவில் ஸ்லக்கர்' என்னும் பெயர் 1894இல் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டது. மகன் பங்குதாரரானதும் 1897இல் நிறுவனத்தின் பெயர் 'ஜே. எப். ஹில்லரிச் அண்ட் சன்' ஆயிற்று. 1916இல் 'ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி' ஆயிற்று. ஆகவே முத்திரையிலுள்ள நிறுவனப் பெயரைக் கொண்டே மட்டையின் கால எல்லையை அறியலாம். ஆட்டக்காரரின் கையெழுத்தை மட்டையில் பொறிக்க ஆனஸ் வாக்னர் 1905இல் இந்நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். அவ்வழக்கம் அதன் பின்னரே பரவியதால், கையெழுத்து முத்திரை உள்ள மட்டை பத்தொன்பதாம் நூற்றாண்டினது என்னும் கூற்றை ஐயத்துடனேயே நோக்குதல் வேண்டும்.

மரபுக் கதைகளும் மெய்ப்பித்தலும்

ஹில்லரிச்சின் மகன் பட், 1884இல் பீட் பிரவுனிங் என்னும் ஆட்டக்காரருக்கு ஒரு மட்டை கடைந்து கொடுத்தார் என்றும், மறுநாள் ஆட்டத்தில் அவர் மூன்று முறை வெற்றிகரமாக அடித்தார் என்றும் கூறப்படுகிறது. இக்கதைக்கு வேறு வடிவங்களும் உண்டு. இத்தகைய கதைகள் ஒரு மட்டையின் விலையைப் பன்மடங்கு உயர்த்தக்கூடியவை. குடும்ப வாய்மொழி மட்டும் போதாது. அக்காலக் கடிதம், நிழற்படம், செய்தித்தாள் குறிப்பு ஆகியவற்றால் தொடர்பு நிறுவப்படாதவரை, அத்தகைய மட்டை 'அக்காலத்து மட்டை' என்று மட்டுமே விவரிக்கத்தக்கது.

போலிகளைக் கண்டறியச் சில எளிய வழிகள் உள்ளன. பரிசு மட்டையின் தகட்டில் கூட்டல் குறி வடிவப் பள்ளம் கொண்ட திருகாணி இருந்தால், அது 1930களுக்கு முன் பொருத்தப்பட்டிருக்க இயலாது. உண்மையான தேய்மானம் கை படும் இடத்திலும் பந்து படும் இடத்திலும் மிகுந்திருக்கும். செயற்கையாகப் பழமையாக்கப்பட்ட மட்டையிலோ எங்கும் ஒரே சீராக இருக்கும். மேற்பூச்சின் வேதியியல் ஆய்வும் உதவுகிறது. 1869ஆம் ஆண்டினதாகக் கூறப்பட்ட பரிசுப் பந்து ஒன்றின் வண்ணப்பூச்சு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது என ஆய்வில் தெரிந்தும் அச்செய்தி மறைக்கப்பட்டதாக, 2012இல் சிக்காகோவில் தாக்கலான ஏல மோசடிக் குற்றப்பத்திரிகை குறிப்பிட்டது.

பாதுகாத்தல்

புதிய சேகரிப்பாளர் செய்யும் பெரும் தவறு, மட்டையை உப்புத்தாளால் தேய்த்து மெருகூட்டுவதாகும். இதனால் பழைய வார்னிஷ், மங்கிய முத்திரை, கடைசல் தடங்கள், பந்து பட்ட வடுக்கள் ஆகியவை ஒருசேர அழிகின்றன. மட்டையின் விட்டமும் குறைகிறது. ஆளி விதை எண்ணெய் பூசினால் மரம் கறுக்கும். பிளந்த கைப்பிடியில் அக்காலத்தவர் அறைந்த ஆணியும் சுற்றிய கயிறும் குறைகள் அல்ல. மட்டை அரிதாகக் கிடைத்த காலத்தில் உடைந்ததையும் கட்டி ஆடினர் என்பதற்கு அவை சான்றுகள். ஆகவே அவற்றை அகற்றலாகாது. நேரடி வெயிலும், ஈரப்பதத்தில் ஏற்படும் திடீர் மாற்றமும் வெடிப்பை உண்டாக்கும். மென்மையான உலர்ந்த துணியால் தூசு துடைப்பதே போதுமானது.

அருங்காட்சியகங்கள்

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் 1939இல் திறக்கப்பட்ட தேசிய அடிபந்தாட்டப் புகழ்மன்றத்தின் அருங்காட்சியகமும், லூயிவில் நகரில் 1996இல் திறக்கப்பட்ட லூயிவில் ஸ்லக்கர் அருங்காட்சியகமும் அடிபந்தாட்ட மட்டைகளின் வரலாற்றை அறிய உதவும் முதன்மையான இடங்களாகும். பின்னதன் வாயிலில் 120 அடி உயர எஃகு மட்டை ஒன்று நிறுவப்பட்டுள்ளது.