செய்தியையே ஆபராவாக்கும் ஜான் ஆடம்ஸ்... விருதும் எதிர்ப்பும் சேர்ந்தே வந்தது ஏன்?

அமெரிக்க அதிபரின் சீனப் பயணம், அணுகுண்டு சோதனை, கப்பல் கடத்தல், செப்டம்பர் 11 தாக்குதல்... எல்லாமே செய்தியில் வந்த சம்பவங்கள். இவற்றை இசையாக்கி மேடையேற்றியவர்தான் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ்.

ஆபரான்னா என்ன?

வசனத்துக்குப் பதிலாகப் பாட்டிலேயே கதை சொல்லும் மேற்கத்திய இசை நாடகம். பெரும்பாலும் புராணம், ராஜா ராணி, காதல் கதைகள்தான் இருக்கும். 1947-ல் மாசசூசெட்ஸில் பிறந்து, ஹார்வர்டில் படித்த ஆடம்ஸ் வேறு பாதையில் போனார்.

முதல் ஆபரா எது?

1972-ல் அதிபர் நிக்சன் சீனா சென்று மாவோவைச் சந்தித்தார். உலகமே டிவியில் பார்த்த அந்தப் பயணம்தான் கதை. இயக்குநர் பீட்டர் செல்லர்ஸ் யோசனை சொல்ல, கவிஞர் ஆலிஸ் குட்மேன் பாடல்களை எழுதினார். 'நிக்சன் இன் சைனா' 1987-ல் ஹூஸ்டனில் அரங்கேறியது. இந்த மாதிரி படைப்புகளை 'சி.என்.என். ஆபரா' என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு.

ஆவணம் எப்படிப் பாட்டாகுது?

2005-ல் வந்த 'டாக்டர் அட்டாமிக்' நல்ல உதாரணம். 1945-ல் நடந்த முதல் அணுகுண்டு சோதனையும் ஓப்பன்ஹைமரும்தான் கதை. ரகசியம் நீக்கப்பட்ட அரசு ஆவணங்கள், விஞ்ஞானிகளின் கடிதங்கள், கவிதைகள் ஆகியவற்றைத் தொகுத்துப் பாடல் வரிகளை உருவாக்கினார் செல்லர்ஸ். பகவத் கீதையின் விஸ்வரூப தரிசனப் பகுதியும் அதில் இருக்கு. முடிவில் வெடிச்சத்தத்தை விட மனதில் நிற்பது, தண்ணீர் கேட்கும் ஒரு ஜப்பானியப் பெண்ணின் குரல்.

எதிர்ப்பு ஏன்?

1985-ல் 'அக்கில்லே லாரோ' கப்பலைக் கடத்திய பாலஸ்தீன ஆயுதக்குழுவினர், சக்கர நாற்காலியில் இருந்த யூத அமெரிக்கப் பயணி லியோன் கிளிங்காஃபரைக் கொன்றனர். அதை வைத்து 1991-ல் வந்த ஆபரா 'தி டெத் ஆஃப் கிளிங்காஃபர்'. கடத்தியவர்களையும் பாடவிட்டது பயங்கரவாதத்துக்கு நியாயம் கற்பிப்பதாகும் என்றனர் எதிர்ப்பாளர்கள். புரிந்துகொள்வது வேறு, ஆதரிப்பது வேறு என்றனர் ஆதரவாளர்கள். அவருடைய மகள்களும் கடுமையாக எதிர்த்தார்கள். 2014-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா இதை மேடையேற்றியது. ஆனால், தியேட்டர்களில் நேரலையாகக் காட்டும் திட்டத்தைக் கைவிட்டது. மகள்களின் அறிக்கையும் நிகழ்ச்சிக் கையேட்டில் அச்சானது.

புலிட்சர் எதுக்கு?

செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களுக்காக, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் கேட்டு அவர் எழுதிய படைப்பு 2002-ல் அரங்கேறியது. இது ஆபரா இல்லை. பாடகர் குழுவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து இசைப்பது. உறவினர்கள் ஒட்டிய 'காணவில்லை' நோட்டீஸ் வரிகள், இறந்தவர்களின் பெயர்கள், நகரத் தெருச் சத்தம் எல்லாம் இதில் கேட்கும். 2003-ல் புலிட்சர் விருது கிடைத்தது.

சரி, என்னதான் வித்தியாசம்?

இரண்டுமே உண்மைச் சம்பவங்கள்தான். ஒன்றில் கொன்றவர்களும் பாடினார்கள். இன்னொன்றில் இழந்தவர்களின் குரல் மட்டுமே ஒலித்தது. ஆக, ஆவணம் கையில் இருந்தாலே போதாது. அதில் யாரைப் பேச வைக்கிறோம் என்பதில்தான் பிரச்சினையே இருக்கு.