எமி ஜான்சன் வாங்கிய விமானம்



எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு நாள் போக்குவரத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. மாட்டு வண்டியில் தொடங்கி ஆகாய விமானத்தில் வந்து நின்றபோது, பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "சார், ஏரோப்பிளேனைச் சொந்தமா வாங்க முடியுமா? வாங்கினா எதைப் பார்த்து வாங்குறது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அந்த வாரந்தான் அவளுடைய தந்தை ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். லயத்து வாசலில் நாலு பேர் கூடி, இஞ்சினை முடுக்கிக் காது கொடுத்துக் கேட்டதையும், கங்காணி டயரை உதைத்துப் பார்த்ததையும் அவள் கண்டிருக்கிறாள். ஆகவே அவளுடைய கேள்வி நியாயமானதே. அவளுக்குச் சொன்ன வரலாற்றையே இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறோம்.

முதலில் விமானத்தின் கதை. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர் ஆயிரக்கணக்கான விமானங்களை உருவாக்கிற்று. போர் ஓய்ந்ததும் அவை மலிவாக விற்பனைக்கு வந்தன. ஆயினும் அவற்றை ஓட்டுவதற்குப் பெட்ரோல் மிகுதியாக வேண்டும். நிறுத்தி வைக்கப் பெரிய கூடம் வேண்டும். சாதாரண மனிதரால் அது ஆகுமா? இங்கிலாந்தில் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் என்பவர் இந்தச் சிக்கலைத் தீர்க்க முனைந்தார். போரில் மிஞ்சிக் கிடந்த எட்டு சிலிண்டர் இஞ்சினின் பாகங்களைக் கொண்டு, பாதி அளவில் நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒன்று அவருக்காகச் செய்யப்பட்டது. அதைப் பூட்டிய சிறு விமானத்தை 1925 பிப்ரவரி 22ஆம் நாள், இலண்டனை அடுத்த ஸ்டாக் லேன் திடலில் அவரே ஓட்டிப் பார்த்தார். அதற்கு 'மாத்' என்று பெயர். மாத் என்றால் விட்டில் பூச்சி. அவருக்குப் பூச்சிகளைச் சேகரிப்பதில் பெரும் ஆர்வம். இந்த விமானமும் பூச்சியைப் போலவே தன் இறக்கைகளைப் பின்னால் மடித்துக்கொள்ளும். விரித்தால் முப்பது அடி அகலம். மடித்தால் பத்து அடிக்கும் குறைவு. மோட்டார் காரின் பின்னால் கட்டி இழுத்துச் சென்று ஒரு கொட்டகையில் விட்டுவிடலாம்.

போர்க்கால இஞ்சின்கள் தீரும் நிலை வந்தபோது 'ஜிப்சி' என்னும் புதிய இஞ்சினைச் செய்தார்கள். ஏறத்தாழ நூறு குதிரைச் சக்தி உடையது. அதை நம்பலாமா என்று வாங்குவோர் ஐயப்படுவது இயல்புதானே? எனவே ஓர் இஞ்சினைத் திறக்க முடியாதபடி முத்திரையிட்டு, 600 மணி நேரம் பறக்கவிட்டுக் காட்டினார்கள். நமது லயத்து வாசலில் காது கொடுத்துக் கேட்ட சோதனையைவிட இது சற்றுக் கடுமையான சோதனைதான்!

அதே 1925ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசாங்கம், இளைஞர்கள் பறக்கக் கற்றுக்கொள்ளச் சங்கங்கள் தொடங்க உதவிப் பணம் அளித்தது. அதனால் பயிற்சிக் கட்டணம் குறைந்தது. அலுவலகத்தில் சம்பளத்துக்கு உழைப்பவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் ஓட்டிப் பழகலாம் என்ற நிலை வந்தது. நமது கதாநாயகி இந்தக் கதவின் வழியாகத்தான் உள்ளே வந்தார்.

எமி ஜான்சன் 1903ஆம் ஆண்டில் ஹல் என்னும் துறைமுக நகரில் பிறந்தவர். தந்தை மீன் வியாபாரி. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றபின், இலண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தார். 1928இல் ஸ்டாக் லேனில் இருந்த சங்கத்தில் பறக்கக் கற்கத் தொடங்கினார். அவர் பிறவி மேதையல்லர். தனியாகப் பறக்க அனுமதி பெறுவதற்கு மற்றவர்களைவிட அதிக நேரம் பிடித்தது. 1929 ஜூலையில் உரிமம் கிடைத்தது.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலைக்குப் போகுமுன்னும் வேலை முடிந்த பின்னும் விமானக் கூடத்துக்குப் போய், கையில் எண்ணெய்க் கறையோடு இஞ்சினைக் கழற்றவும் பூட்டவும் கற்றார். அங்கிருந்த ஆண்கள் அவரை 'ஜானி' என்று ஆண்பிள்ளைப் பெயரால் அழைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் விமானப் பழுது பார்க்கும் பொறியாளர் சான்றிதழைப் பெற்றார். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவரே.

இனி விமானம் வாங்க வேண்டும். ஏனெனில் அவருடைய எண்ணம் சிறியதன்று. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாகப் பறக்க வேண்டும். 1928இல் பெர்ட் ஹிங்க்லர் என்பவர் பதினைந்தரை நாளில் அப்படிப் பறந்து காட்டியிருந்தார். பெண் ஒருவரும் தனித்துச் சென்றதில்லை.

பணத்துக்கு எங்கே போவது? பல இடங்களில் கேட்டும் பலனில்லை. கடைசியாக அரசாங்க விமானத் துறைத் தலைவர் செஃப்டன் பிராங்க்கருக்குக் கடிதம் எழுதினார். அவர் எண்ணெய் வியாபாரத்தில் செல்வம் சேர்த்த வேக்ஃபீல்ட் பிரபுவிடம் எடுத்துச் சொன்னார். பாதிப் பணத்தைப் பிரபுவும் மீதிப் பாதியைத் தந்தையும் கொடுத்தார்கள். மொத்தம் 600 பவுன்.

600 பவுன் என்றால் எவ்வளவு? வகுப்பில் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். அன்று ஒரு பவுன் எட்டரை வெள்ளிக்குச் சற்று அதிகம். ஆக, 5,100 வெள்ளிக்கு மேல் வருகிறது. அந்த நாளில் மலாயாத் தோட்டங்களில் ஓர் ஆணுக்கு நாட்கூலி 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. ஆண்டுக்கு 300 நாள் பேர் போட்டு, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால், ஆணுக்கு 34 ஆண்டுகள். பெண்ணுக்கு 42 ஆண்டுகளுக்கு மேல். அதுவும் 1930இல் ரப்பர் விலை சரிந்து, அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. வேலையிழந்த பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். ஆகவே 'மனம் இருந்தால் போதும்' என்று நாம் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. எமிக்கு மனமும் இருந்தது; 300 பவுன் கொடுக்கத் தந்தையும் இருந்தார்.

அவர் வாங்கியது 1928இல் செய்யப்பட்ட ஒரு பழைய ஜிப்சி மாத். கேப்டன் ஹோப் என்ற விமானி வைத்திருந்தது. நெடுந்தூரம் செல்வதற்கான கூடுதல் பெட்ரோல் தொட்டிகள் அதில் இருந்தன. பச்சை வண்ணம் பூசி, வெள்ளி எழுத்தில் 'ஜேசன்' என்று பெயர் எழுதினார்கள். தந்தையின் மீன் வியாபார முத்திரைப் பெயர் அது.

புதிய ஜிப்சி மாத்தின் விலை 650 பவுன்தான். அதைவிட விரைந்து செல்லும் விமானங்களும் அந்தக் காலத்தில் உண்டு. இருந்தும் நம் கணிப்பில், எமியின் தேர்வு சரியான தேர்வு. அவர் பறக்கக் கற்றதே மாத் விமானத்தில். அவர் கழற்றிப் பூட்டிப் பழகியதும் அதே. உடலோ மரச் சட்டமும் ஒட்டுப்பலகையும். இறக்கையோ மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டி மெழுகெண்ணெய் போன்ற ஒரு பூச்சுப் பூசிய துணி. உடைந்தால் தச்சரும் தையல்காரரும் கைகொடுக்கலாம். வழியில் பாலைவனமும் காடும் கடலும் இருக்கும்போது, எவ்வளவு வேகம் என்பதைவிட எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்பதே பெரிய கேள்வி. அவருடைய பயணம் அதை நிரூபித்தது.

1930 மே 5ஆம் நாள் கிராய்டன் திடலிலிருந்து புறப்பட்டார். அதுவரை அவர் பறந்த மிக நீண்ட பயணம் இலண்டனிலிருந்து ஹல் வரைதான்! வானொலிக் கருவி இல்லை. பெட்ரோலைத் தொட்டியிலிருந்து தொட்டிக்குக் கையாலேயே அடித்து ஏற்ற வேண்டும். அந்த நெடியில் தலை சுற்றும். ஈராக் பாலைவனத்தில் மணற்புயல் அடித்து அவரைத் தரையிறக்கியது. இஞ்சினைப் படுதாவால் மூடி, சக்கரங்களுக்குப் பெட்டிகளை அண்டைகொடுத்து, கையில் துப்பாக்கியுடன் விமானத்தருகே காத்திருந்தார். ஆறாம் நாள் கராச்சியில் இறங்கியபோது, ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முந்தியிருந்தார்.

பர்மாவில்தான் விபத்து நேர்ந்தது. மே 13ஆம் நாள் மழையில் வழி தெரியவில்லை. ரங்கூன் குதிரைப் பந்தயத் திடலில் இறங்க வேண்டியவர், சற்றுத் தள்ளி இன்செய்ன் என்னும் ஊரில், தொழிற்கல்விக் கூடத்துத் திடலில் இறங்கிவிட்டார். விமானம் ஓடிப்போய்ப் பள்ளத்தில் விழுந்தது. இறக்கை கிழிந்தது, சக்கரத் தாங்கி ஒடிந்தது, சுழல்விசிறி உடைந்தது. விமானத்தின் பக்கத்தில் கட்டிக்கொண்டு வந்த மாற்று விசிறி அப்போது உதவியது. இறக்கைக்கு? அந்தக் கல்விக் கூடத்தாரும் மாணவரும் ஒன்றுகூடினார்கள். போரில் மிஞ்சிய விமானத் துணியை வாங்கிச் சட்டைகள் தைத்து வைத்திருந்தார்கள் அவ்வூரில். அந்தச் சட்டைகளைப் பிரித்து இறக்கைக்குத் தைத்தார்கள். பூச்சு எண்ணெயை உள்ளூர் மருந்துக் கலவையாளர் ஒருவர் கலந்து கொடுத்தார். இரவு பகலாக வேலை நடந்து, 16ஆம் நாள் ஜேசன் மீண்டும் பறந்தது. சாதனை கைநழுவியது, பயணம் பிழைத்தது. உலோகத்தால் ஆன விமானமாக இருந்திருந்தால் இன்செய்னிலேயே கதை முடிந்திருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

பாங்காக்கிலிருந்து புறப்பட்டு, மழையினால் சிங்கோராவில் தங்கி, கரையோரமாகத் தெற்கே வந்து, மே 18ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் சிலேத்தார் விமானத் தளத்தில் இறங்கினார். ரப்பர் மரங்களும் சதுப்புநிலமும் இருந்த பகுதியைத் திருத்தி அமைத்த தளம் அது. அங்கே ஐரோப்பியர் கூடி நின்று வரவேற்றனர். அன்று மலாயாவில் பால் மரத்தடியில் நின்ற நம் பாட்டிமாரில் எவரேனும் தலைக்கு மேல் அந்தப் பச்சைப் பூச்சியைப் பார்த்திருப்பார்களா? பார்த்திருந்தாலும், அதை ஓட்டுவது ஒரு பெண் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் ஜாவாவில், ஜொமால் என்னுமிடத்தில் ஒரு கரும்புத் தோட்டத்து ஆலையருகே இறங்க நேர்ந்தது. வீடு கட்டுவதற்காக நட்டிருந்த மூங்கில் முளைகள் இறக்கையின் துணியைக் குத்திக் கிழித்தன. இம்முறை புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு பறந்தார். பிறகு தீமோர் தீவு. அதன்பின் ஐந்நூறு மைல் கடல். மே 24ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். பத்தொன்பதரை நாள், ஏறத்தாழ 11,000 மைல். ஹிங்க்லரின் சாதனை நிலைத்தது. எனினும் அத்தூரத்தைத் தனியே பறந்த முதல் பெண் எமியே.

இன்னும் ஐந்து நாள் கழித்துப் பிரிஸ்பேனில், பெருங்கூட்டத்தின் முன்னிலையில் இறங்கும்போது ஜேசன் குட்டிக்கரணம் போட்டது. எமிக்குக் காயமில்லை, களைப்புத்தான். பாலைவனத்தில் பிழைத்த விமானம், சீராக்கி வைத்த திடலில் இறங்க வந்தபோது கவிழ்ந்தது! இரண்டாம் உலகப் போரின்போது, போர் விமானங்களை ஊருக்கு ஊர் கொண்டு சேர்க்கும் பணியில் எமி ஈடுபட்டிருந்தார். 1941 ஜனவரி 5ஆம் நாள் தேம்ஸ் ஆற்று முகத்தில் அவர் விமானம் விழுந்தது. அவர் உடல் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 37. ஜேசன் இலண்டன் அறிவியல் அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டது.

கதை முடிந்ததும் அந்தச் சிறுமி மறுபடியும் எழுந்தாள். "சார், அந்தச் சட்டைக்காரங்களுக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டாள்.