உள்ள இரும்பு இருந்தும் தொடை எலும்பு ஏன் உடையுது? ஒரு பிளேட்டோட வரலாறு

1/ "உள்ளதான் இரும்பு வச்சிருக்கே டாக்டர், அப்புறம் எப்படி உடையும்?" குன்றாண்டார்கோவில் பக்கத்துல இருந்து வர்ற குடும்பங்கள் கேக்குற நியாயமான கேள்வி. பதிலுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேலான கதை இருக்கு.

2/ 1890-கள்ல லண்டன்ல ஆர்பத்நாட் லேன் உடைஞ்ச எலும்பை ஸ்டீல் பிளேட் வச்சு முடுக்கினார். பிளேட் அரிச்சுப்போச்சு. 1958-ல சுவிட்சர்லாந்துல தொடங்கின ஏ.ஓ. குழு "இறுக்கிப் பிடி, அசையவே விடாதே"ன்னு சொல்லிக்கொடுத்துச்சு.

3/ இன்னொரு பக்கம், 1950-கள்ல ஆஸ்டின் மூர் பந்து. 1962-ல ஜான் சார்ன்லியோட முழு இடுப்பு மாற்று. ரெண்டுலயும் தொடை எலும்புக்குள்ள ஒரு இரும்புத் தண்டு இறங்கும்.

4/ மூங்கிலுக்குள்ள பாதி வரைக்கும் கம்பி சொருகி வளைச்சுப் பாருங்க. கம்பி முடியுற இடத்துலதான் ஒடியும். வயசானவங்க வழுக்கி விழுந்தா இங்கயும் அதே கதைதான்.

5/ பிளேட் வைக்கலாம். ஆனா ஸ்க்ரூ போற வழியில தண்டு நிக்குதே? 1978-ல ஆக்டன், ரெண்டல் ஒரு வழி சொன்னாங்க: மேல பட்டை கட்டு, கீழ ஸ்க்ரூ. பிளேட் விலகாம பட்டை பிடிக்கும். முறுக்கினாலோ சறுக்கினாலோ அவ்வளவா பிடிக்காது.

6/ 2000-க்கு அப்புறம் லாக்கிங் பிளேட் பரவுச்சு. ஸ்க்ரூ தலை பிளேட்லயே மரை பூட்டிக்கும். தண்டு இருக்குற இடத்துல எலும்போட ஒரு சுவர் போதும். ஆனா எல்லா ஓட்டையிலயும் ஸ்க்ரூ போட்டா ரொம்ப விறைப்பாயிடும். துளி அசைவாவது இருந்தாதான் புது எலும்பு வளரும். எலும்பு சேரலைன்னா ஒவ்வொரு அடியோட பாரமும் பிளேட் மேலதான். கடைசியில பிளேட்டே ஒடியும்.

7/ கம்பியை ஒரே இடத்துல மடக்கி மடக்கி நிமிர்த்தினா அறுந்துடும். நீளமா வளைச்சா தாங்கும். அதனாலதான் இப்ப நீளமான பிளேட், தண்டையும் தாண்டி மேல வரைக்கும். எலும்பு நொறுங்கியிருந்தா அந்த இடத்துல சில ஓட்டைகளைக் காலியா விடுவோம். எக்ஸ்ரேயில அதைப் பாத்து "ஸ்க்ரூ போட மறந்துட்டாங்க"ன்னு நினைச்சுடாதீங்க!

8/ 1995-ல வந்த வான்கூவர் வகைப்பாடு கேக்குற முக்கியமான கேள்வி: தண்டு உறுதியா இருக்கா, ஆடுதா? ஆடினா பிளேட் மட்டும் போதாது, தண்டையே மாத்தணும். அதனாலதான் "விழுறதுக்கு முன்னாடியே தொடையில வலி இருந்துச்சா?"ன்னு கேக்குறோம். யோசிச்சுச் சொல்லுங்க.

9/ பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரேயைப் பத்திரமா வைங்க. விழுந்தா எண்ணெய் போட்டு நீவாதீங்க, காலை அசைக்காம 108-ஐக் கூப்பிடுங்க. ஆபரேஷன் பண்ண கால்ல நடக்கும்போது புதுசா தொடை வலி வந்தா, விழுறதுக்கு முன்னாடியே வந்து காட்டுங்க.