கனடியக் கழுத்து முள்ளெலும்பு விதி

விபத்தில் அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவருக்குக் கழுத்தைப் படம் எடுக்க வேண்டுமா என்பதைப் படுக்கையருகிலேயே முடிவு செய்ய உதவும் மருத்துவ விதி. ஒட்டாவா மருத்துவர் இயன் ஸ்டீல் தலைமையிலான குழு, கனடாவின் 10 மருத்துவமனைகளில் 8,924 பேரை ஆராய்ந்து இதை 2001இல் வெளியிட்டது.

கழுத்து முறிவு ஒன்றைத் தவறவிட்டால் தண்டுவடம் பாதிக்கப்பட்டு கைகால் விழுந்துவிடலாம். அந்த அச்சத்தில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே எடுப்பது வழக்கமாக இருந்தது. ஆனால் அந்த 8,924 பேரில் பொருட்படுத்தத்தக்க காயம் இருந்தது 151 பேருக்கு மட்டுமே. மற்றவர்களில் பலர் கழுத்துப் பட்டையோடு அசையாமல் மல்லாந்து கிடந்ததும் கதிர்வீச்சு பட்டதும் தேவையற்ற துன்பம்.

விதி மூன்று கேள்விகளால் ஆனது; அவற்றின் வரிசையில்தான் அதன் பாதுகாப்பு இருக்கிறது. முதலில் ஆபத்து அறிகுறிகள்: வயது 65 அல்லது அதற்கு மேல், கைகால்களில் மரத்துப்போதல், அல்லது கடுமையான விபத்து. மூன்றடி உயரத்திலிருந்தோ ஐந்து படிகளிலிருந்தோ விழுவது, தலைகீழாக நீரில் பாய்ந்து அடிபடுவது, கார் உருள்வது, சைக்கிள் மோதல் போன்றவை கடுமையானவை. இவற்றில் ஒன்று இருந்தாலும் படம் எடுக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால், கழுத்தைத் திருப்பிப் பார்க்கலாம் என்ற துணிவைத் தரும் அறிகுறி ஒன்றாவது உண்டா என்பது இரண்டாம் கேள்வி: பின்னாலிருந்து வண்டி இலேசாக இடித்தது, நோயாளி உட்கார்ந்திருக்கிறார், விபத்துக்குப் பின் நடந்தார், வலி தாமதமாகத் தொடங்கியது, கழுத்தின் நடுக்கோட்டில் தொட்டால் வலியில்லை. ஒன்றுகூட இல்லாவிட்டால் படம்தான். இருந்தால் மட்டுமே, இருபுறமும் 45 பாகை தானாகத் திருப்பச் சொல்ல வேண்டும். திருப்ப முடிந்தவருக்குப் படம் தேவையில்லை.

16 வயதுக்கு உட்பட்டோர், கர்ப்பிணிகள், முழு நினைவில்லாதவர்கள், ஏற்கெனவே முதுகெலும்பு நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இவ்விதி பொருந்தாது.

அமெரிக்காவில் 34,069 பேரை ஆராய்ந்து 2000இல் வெளிவந்த நெக்சஸ் விதி இதனுடன் ஒப்பிடப்படுகிறது. அது நடுக்கோட்டு வலி, நரம்புக் குறைபாடு, மயக்கநிலை, போதை, கவனத்தைத் திசைதிருப்பும் வேறு காயம் ஆகிய ஐந்தும் இல்லையென்றால் படம் வேண்டாம் என்கிறது. கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. 2003இல் கனடாவில் 8,283 பேரிடம் இரண்டையும் சோதித்தபோது, காயங்களில் கனடிய விதி 99.4 விழுக்காட்டையும் நெக்சஸ் 90.7 விழுக்காட்டையும் கண்டறிந்தன. கனடிய விதியை வகுத்தவர்களே அந்த ஒப்பீட்டையும் நடத்தினர் என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும்.

பெரியவர்களுக்குப் படம் தேவை என்று முடிவானால், இப்போது எக்ஸ்ரேயைவிட சி.டி. ஸ்கேனே விரும்பப்படுகிறது, எக்ஸ்ரேயில் புலப்படாத முறிவுகள் அதில் தெரிகின்றன. கனடாவில் பயிற்சி பெற்ற செவிலியர்களும் இவ்விதியைப் பயன்படுத்தி, மருத்துவர் வருமுன்பே கழுத்துப் பட்டையைக் கழற்றுகின்றனர்.