எக்ஸ் 230 அக்கரைப்பற்றுக்கு வந்த வழி

திங்க்பேட் எக்ஸ் 230 என்ற மடிக்கணினியை லெனோவோ 2012இல் சந்தைக்கு விட்டது. பன்னிரண்டரை அங்குலத் திரை, இன்டெலின் மூன்றாம் தலைமுறைச் செயலி, விசைப்பலகையின் நடுவே ஒரு சிவப்புக் குமிழ். திங்க்பேட் வம்சம் முதலில் ஐபிஎம்முடையது. 1992இல் தொடங்கி, ஜப்பானின் யமாத்தோ ஆய்வுகூடத்தில் வளர்ந்து, 2005இல் லெனோவோவின் கைக்குப் போனது. நூற்றுக்கணக்கில் வாங்கிப் பணியாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் அலுவலகங்களை மனதில் வைத்துச் செய்த பொருள் என்பதால், பிரித்துத் திருத்துவதற்கு இலகுவாக இருக்கும். தாழ்ப்பாளைத் தள்ளினால் பெட்டரி கையோடு வரும். ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் டிஸ்க் வெளியே வரும்.

அப்படியொன்று அக்கரைப்பற்றில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட இருக்கும் என் நண்பரின் திருத்தும் மேசைக்கு வந்திருந்தது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளையுடையது. அடிப்பக்கத்தில் பாதி உரிந்த சொத்து இலக்க ஸ்டிக்கர். விசைப்பலகையில் வையும் இசட்டும் இடம் மாறியிருந்தன. தலையில் இரட்டைப் புள்ளி வைத்த எழுத்துகளும் இருந்தன. ஜெர்மன் பேசும் ஏதோவொரு ஊரின் அலுவலகத்தில் தன் இளமையைக் கழித்த பெட்டி அது.

இத்தகைய பெட்டிகள் எங்கள் ஊருக்கு வரும் வழி ஓரளவு தெரிந்ததுதான். அலுவலகம் மூன்று நான்கு வருடத்தில் புதியதுக்கு மாறும்போது பழையதை மொத்தமாக ஏலத்துக்கோ சேகரிப்பவருக்கோ கொடுத்துவிடும். அங்கிருந்து கொள்கலனில் ஏறிக் கைமாறிக் கைமாறிக் கொழும்புக்கு வரும். புறக்கோட்டையிலும் பம்பலப்பிட்டியிலும் துடைத்துத் தரம் பிரித்த பிறகு, இரவு பஸ்ஸின் அடிப்பெட்டியில் கிழக்குக்கு வந்து சேரும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களிலேயே 350ஐத் தாண்டியபோது, புது லெப்டொப் என்பது நடுத்தரக் குடும்பங்களின் பேச்சிலிருந்தே மறைந்து போனது. அந்த வருடம் மார்ச் 31ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு. கழற்றி மாட்டக்கூடிய பெட்டரியுள்ள பழைய திங்க்பேட்டுகளை அப்போது ஆட்கள் தேடித்தேடி வாங்கினார்கள். இந்தப் பிள்ளையின் வாப்பாவும் அந்த நாட்களில்தான் இதை வாங்கியிருக்கிறார்.

மூன்று வருடம் விண்டோஸ் 10இல் குறையில்லாமல் ஓடியது. பிறகு டிஸ்க் சத்தம் போடத் தொடங்கியது. அதே காலத்தில், 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவையும் மைக்ரோசொஃப்ட் நிறுத்திக்கொண்டது. ஒரேயடியாக எஸ்எஸ்டியும் போட்டு, புது இயங்குதளமும் போட்டுவிடுவோம் என்று அவள் தானே முயன்றிருக்கிறாள். பென்டிரைவைச் செருகி இயக்கினால், கறுப்புத் திரையில் பிஎக்ஸ்இ-இ61 என்ற பிழை. கேபிளைச் சரிபார் என்கிறது. எந்தக் கேபிளை?

"பென்னக் குத்தினாலும் அது பாக்குதே இல்ல, காக்கா."

"அது பாக்காது, தங்கச்சி. பாக்க வேணாமெண்டு எங்கயோ ஆரோ சொல்லி வெச்சிரிக்காங்க."

நண்பர் சொன்னது சரி. அப்படிச் சொல்லி வைத்தவர் ஜெர்மன் அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளர். அவர் சொல்லி வைத்த இடம் டிஸ்க் அல்ல என்பதால்தான் டிஸ்க்கை மாற்றியும் அது போகவில்லை. எக்ஸ் 230இன் மதர்போர்டில் எட்டுக் கால்களோடு இரண்டு சிறு சில்லுகள் உண்டு. ஒன்று 8 மெகாபைட், மற்றது 4 மெகாபைட். மின்சாரம் வந்ததும் செயலி முதலில் போய்ப் படிப்பது அங்கேதான். நினைவகம் எவ்வளவு, டிஸ்க் எங்கே, இயங்குதளத்தை எதிலிருந்து எடுப்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் நிரல் அங்கே இருக்கிறது. பழக்கத்தில் அதைப் பயோஸ் என்கிறோம்.

அந்தப் பெயர் 1970களில் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் என்ற இயங்குதளத்திலிருந்து வந்தது. வன்பொருளுக்கு வன்பொருள் மாறும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து அவர் அப்பெயரிட்டார். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் பயோஸ் முழுவதும் 8 கிலோபைட்டுக்குள் அடங்கியது. ஐபிஎம் அதன் நிரலைத் தன் கைநூலிலேயே அச்சிட்டிருந்தது. கொம்பாக்கும் ஃபீனிக்ஸும் அந்த நிரலைப் பார்க்காத பொறியாளர்களைக் கொண்டு, அதே வேலையைச் செய்யும் வேறொரு பயோஸை எழுதின. ஐபிஎம்முக்கு ஒத்த கணினிகள் உலகெங்கும் மலிந்தது அதற்குப் பிறகுதான். 1990களின் இறுதியில் இன்டெல் தன் இட்டானியம் செயலிக்காகப் புதியதொரு ஏற்பாட்டைத் தொடங்கியது. 2005இல் அது பல நிறுவனங்களின் பொதுத் தரமாகி யூஇஎஃப்ஐ ஆனது. 2012இல் விண்டோஸ் 8உடன் செக்யூர் பூட் வந்தது. கையொப்பமிட்ட நிரலைத் தவிர வேறெதையும் தொடங்கவிடாத பூட்டு அது.

எக்ஸ் 230 பிறந்தது சரியாக இந்த மாற்றத்தின் நடுவில். அதனால் அதற்குப் பழைய முறையும் தெரியும், புதிய முறையும் தெரியும். குழப்பம் தொடங்குவதும் அதனால்தான்.

இயக்கியவுடன் எஃப் 1ஐ அழுத்தி உள்ளே போனால் கொன்ஃபிக், செக்யூரிட்டி, ஸ்டார்ட்அப் என்று பக்கங்கள் வரும். ஸ்டார்ட்அப் பக்கத்தில் அந்த அலுவலகம் அப்படியே இருந்தது. தொடங்கும் வரிசையில் முதலிடம் வலையமைப்புக்கு. நூறு பெட்டிகளுக்கு ஒவ்வொன்றாகப் பென்டிரைவ் குத்த யாருக்கும் நேரமில்லை. கேபிளைச் செருகினால் அலுவலக சேர்வரிலிருந்து இயங்குதளம் தானாக இறங்கிவிடும். அடுத்து, பூட் ஆர்டர் லொக் என்ற பூட்டு போடப்பட்டிருந்தது. எஃப் 12 அழுத்தினால் வரவேண்டிய தெரிவுப் பட்டியலும் நிறுத்தப்பட்டிருந்தது. வெளியாள் ஒருவர் தன் பென்டிரைவைக் கொண்டு கணினியைத் திறந்துவிடக் கூடாது என்ற நியாயமான கவலை. பத்து வருடத்துக்கும் மேலாகியும், கடல்கள் தாண்டியும், அந்தக் கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் அந்த சேர்வரைத்தான் தேடியிருக்கிறது. டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தவரை சேர்வர் இல்லை என்றதும் டிஸ்க்குக்குப் போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை. வெறும் எஸ்எஸ்டியைப் போட்டதும் போக்கிடமில்லாமல் நின்றுவிட்டது.

கொழும்பில் இது ஏன் அகப்படவில்லை? மொத்தமாக வேலை செய்யும் இடங்களில் ஒரு டிஸ்க்கில் விண்டோஸைப் போட்டு மற்றவற்றுக்கு நகலெடுத்து மாட்டிவிடுகிறார்கள். எஃப் 1ஐ அழுத்திப் பார்க்கத் தேவையே வராது.

நான்காவது சிக்கல் இன்னும் நுட்பமானது. யூஇஎஃப்ஐயா லெகசியா என்ற இடத்தில் லெகசி மட்டும் என்றிருந்தது. அவள் பென்டிரைவைச் செய்ததோ யூஇஎஃப்ஐக்கு. பூட்டை எடுத்து, எஃப் 12ஐத் திறந்து விட்டாலும், ஒன்றின் மொழி மற்றதுக்குப் புரியாது. யூஇஎஃப்ஐக்கு மாற்றி எஃப் 10ஐ அழுத்திச் சேமித்ததும் பென்டிரைவின் பெயர் பட்டியலில் வந்தது. இதன் மறுபக்கத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். லெகசியில் விண்டோஸ் போட்ட ஒரு கணினியில் யாரோ இந்த ஒரு தெரிவை மாற்றிவிடுவார்கள். கணினி எழும்பாது. டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டி ஃபோர்மட் அடித்துவிடுவார்கள். கல்யாணப் படங்களும் ஆய்வேடும் போய்விடும். தெரிவைப் பழையபடி திருப்பியிருந்தால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். ஃபோர்மட் அடிக்க முன்னர் எஃப் 1ஐ அழுத்திப் பாருங்கள் என்று கடைகளின் சுவரில் எழுதி ஒட்டலாம். நான் உண்மையாகவே சொல்கிறேன்.

செக்யூரிட்டி பக்கத்தில் இன்னொன்று. வர்ச்சுவலைசேஷன் நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வசதி அது. வலையமைப்புப் பாடத்துக்கு அவளுக்கு அவசியம் வேண்டியது. மூன்று வருடமாகத் தன் லெப்டொப்பில் அது முடியாது என்றே நம்பி, வகுப்பு நண்பியின் கணினியில் பயிற்சிகளைச் செய்து வந்திருக்கிறாள். ஒரு தெரிவைத் திறந்துவிட்டிருந்தால் போதும்.

இனி விண்டோஸ் 11. அது 2021 ஒக்டோபரில் வெளிவந்தபோது டிபிஎம் 2.0 சில்லும், இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட செயலியும் கேட்டது. எக்ஸ் 230இல் இருப்பது மூன்றாம் தலைமுறையும் டிபிஎம் 1.2உம். எந்தத் தெரிவை மாற்றினாலும் ஒன்று இரண்டாகாது. ஆனால் சுற்றுவழி உண்டு. ரூஃபஸ் என்ற கருவியால் பென்டிரைவைச் செய்யும்போது இந்தச் சோதனைகளை நீக்கும் பெட்டியில் சரி போட்டால், விண்டோஸ் 11 இதிலும் ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் இத்தகைய கணினிகளுக்கு இற்றைப்படுத்தல் கிடைக்கும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி சொல்வதில்லை. பெரிய பதிப்பு வரும்போதெல்லாம் திரும்பவும் சுற்றுவழி தேட வேண்டிவரலாம். பரீட்சைக் காலத்தில் அப்படியொரு நாள் வந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? கேட்டவருக்கெல்லாம் சோதனையை நீக்கி விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை என்பது என் அபிப்பிராயம். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் படிப்புக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் சொல்லிவிட்டுப் போடலாம். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. லினக்ஸ் மின்ட் 22 போட்டோம். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு.

செக்யூர் பூட்டை இயக்கத்தில் வைத்தபடியே மின்ட் ஏறியது. ஆனால் அந்தப் பூட்டுக்கான மைக்ரோசொஃப்ட்டின் சாவிகள் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள். 2026 ஜூனிலிருந்து அவை காலாவதியாகத் தொடங்குகின்றன. அன்றோடு கணினி நின்றுவிடாது. ஆனால் அதன் பிறகு புதுச் சாவியால் மட்டும் கையொப்பமிட்டு வரும் நிரலை, புதுச் சாவி இல்லாத பழைய பெட்டி ஏற்காது. அந்த நாள் வந்தால் செக்யூர் பூட்டை நிறுத்திவிடு என்று அவளிடம் சொல்லி, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் காட்டிக் கொடுத்தோம்.

தமிழ் எழுத இரங்கநாதன் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டாள். இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரமும் அதுதான். எங்கள் அச்சகங்களில் பாமினியில் பழகிய விரல்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

வைஃபையில்தான் தகராறு, அட்டையை மாற்ற வேண்டியிருந்தது. இந்தத் தலைமுறைத் திங்க்பேட்டுகளின் பயோஸில் அனுமதிக்கப்பட்ட வைஃபை அட்டைகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இல்லாத அட்டையைப் போட்டால் 1802 என்ற பிழையோடு கணினி அங்கேயே நின்றுவிடும். அட்டையும் அன்ரெனாவும் சேர்த்துத்தான் அமெரிக்க அனுமதி பெறப்பட்டது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காசு கொடுத்து வாங்கியவர் தனக்குக் கிடைக்கும் அட்டையைப் போட முடியாமல் செய்த இந்தப் பட்டியலை நான் ஒருநாளும் நியாயமாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அதை நீக்க வழி கண்டிருக்கிறார்கள். ஒன்வைரெயின் என்ற கருவி மென்பொருளாலேயே செய்யும். அல்லது சில்லைக் கவ்வியால் பிடித்து, சிஎச் 341ஏ என்ற மலிவான எழுதுகருவியால் நேரடியாக மாற்றி எழுதலாம். சில்லுக்கு 3.3 வோல்ட் போதும். அந்தக் கருவியின் மலிவான கறுப்பு வகையோ சமிக்ஞைக் கம்பிகளில் 5 வோல்ட்டை அனுப்பும். எழுதும் பாதியில் கரண்ட் போனால் பெட்டி எழும்பாது. நண்பரின் கை தேர்ந்த கைதான். ஆனாலும் படிக்கிற பிள்ளையின் ஒரே கணினியில் அந்தப் பரீட்சை வேண்டாம் என்று விட்டுவிட்டார். யூஎஸ்பியில் செருகும் நகமளவு வைஃபை போதுமாக இருந்தது.

கடைசியாக 0271 என்ற பிழை: திகதியையும் நேரத்தையும் சரிபார். நேரத்தைக் காக்கும் நாணய பெட்டரி தீர்ந்திருந்தது. பார்க்கச் சின்னக் குறை. ஆனால் கணினியின் திகதி பல வருடம் பின்னால் போய்விட்டால் பாதுகாப்பான இணையத்தளம் எதுவும் திறக்காது. சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி நினைத்துக்கொள்ளும். ஆட்கள் இணையத்தில் கோளாறு என்று டேட்டா கார்ட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள். எக்ஸ் 230இல் இருப்பது கம்பியும் செருகியும் வைத்து மஞ்சள் உறையிட்ட சிஆர் 2032. உறையோடு இங்கே கிடைக்கவில்லை. சாதாரண பெட்டரி ஒன்றை எடுத்து, பழையதின் தகட்டுக் கம்பிகளைப் பெயர்த்து இதில் ஒட்டி, நாடாவால் சுற்றி மாட்டினார். அதன் பிறகு நேரம் தவறவில்லை.

விண்டோஸ் 10 முடிந்ததோடு ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை உலகெங்கும் அலுவலகங்கள் கழித்துவிடத் தொடங்கியிருக்கின்றன. எக்ஸ் 230ஐ விட எவ்வளவோ நல்ல பெட்டிகள், இதே வழியில்தான் இங்கு வரும். கொழும்பில் மொத்தமாக எடுக்கும் எங்களூர்க் கடைக்காரர்கள், காசைக் கொடுக்க முன்னர், ஒவ்வொன்றையும் இயக்கி எஃப் 1ஐ அழுத்திப் பார்க்க வேண்டும். திங்க்பேட் என்றால் எஃப் 1. மற்ற நிறுவனங்களில் பெரும்பாலும் எஃப் 2 அல்லது எஃப் 10. சுப்பவைசர் கடவுச்சொல் கேட்டால் வைத்துவிடுங்கள். திங்க்பேட்டில் நாணய பெட்டரியைக் கழற்றினாலும் அது அழியாது. மதர்போர்டையே மாற்றச் சொல்லுவார்கள். கொம்பியூட்ரேஸ் என்ற இடத்தில் அக்டிவேட்டட் என்றிருந்தால் அது இன்னொருவரின் கண்காணிப்பில் உள்ள பொருள்; அதையும் எடுக்க வேண்டாம். மீதியெல்லாம் ஊருக்குக் கொண்டுவந்து ஆறுதலாகத் திருத்திக்கொள்ளக்கூடியவை.