கர்லாக்கட்டையும் என் இடது தோளும்

மூணு மாசமா இடது கையைத் தூக்கிச் சட்டை போட முடியல. அரியலூர்-பெரம்பலூர் பஸ்ல மேல்கம்பியைப் பிடிக்கிறதுக்குள்ள உசிரு போயிடும். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இந்த 'உறைந்த தோள்' கொஞ்சம் அதிகமாவே வருமாம். (ஆமாங்க, எனக்கும் இருக்கு. ஸ்வீட் பாக்ஸோட வந்துடாதீங்க :-)) முதல்ல போன இடத்துல தோளை மட்டும் பிடிச்சு முறுக்கி விட்டாங்க. ரெண்டு ராத்திரி தூக்கமே இல்ல.

அப்புறம்தான் பெரம்பலூர்ல ஒரு பிசியோதெரபிஸ்ட் பொண்ணு. "கையை மறந்துடுங்க சார். ஒரு கால முன்னாடி வைங்க, இடுப்பத் திருப்புங்க, கை தானா வரும்"னுச்சு. ஙே என்று முழித்தேன். தோள்வலிக்குக் காலா? ஆனா நிஜமாவே கை நாலு விரக்கடை கூடுதலா ஏறுச்சு.

இதை எங்கயோ பாத்திருக்கேனேன்னு பஸ்ல வரும்போது யோசிச்சேன். எங்க தாத்தா! விடியக்காலைல களத்துமேட்டுல கர்லாக்கட்டை சுத்துவார். கட்டை முதுகுக்குப் பின்னால இறங்கும்போது முழங்கால் லேசா மடியும், இடுப்பு திரும்பும், அப்புறம்தான் தோள். வெறும் கையால அந்தக் கனத்தைச் சுத்தினா மூட்டு கழண்டுடும்.

வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் தேடினேன். மேட்டர் பெரிசா இருக்கு மக்களே. நம்ம ஊர்க் கட்டையை இங்க இருந்த வெள்ளைக்கார சிப்பாய்ங்க பாத்துக் கத்துக்கிட்டுப் போயிருக்காங்க. 1834ல் லண்டன்ல டொனால்ட் வாக்கர் எழுதின உடற்பயிற்சிப் புத்தகத்துல 'இந்தியன் கிளப்' வந்தாச்சு. 1866ல் நியூயார்க்ல சிம் கீஹோ அதுக்குத் தனிப் புத்தகமே போட்டார். அங்க போனதும் கட்டை இளைச்சு, பாட்டில் மாதிரி ஆயிடுச்சு. 1904லயும் 1932லயும் ஒலிம்பிக்ஸ்ல இது போட்டி! 1932 லாஸ் ஏஞ்சல்ஸ்ல தங்கம் வாங்கின ஜார்ஜ் ராத் அப்ப வேலையில்லாம இருந்தவர். மெடலோட ரோட்டுல நின்னு லிப்ட் கேட்டு வீட்டுக்குப் போனார்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் ஒலிம்பிக்ஸ்ல இந்தப் போட்டி இல்ல.

இந்தப் பக்கம் மருத்துவம். 'உறைந்த தோள்'ங்கிற பேரை 1934ல் வச்சவர் பாஸ்டன் டாக்டர் எர்னஸ்ட் காட்மன். குனிஞ்சு நின்னு கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுற பயிற்சிக்கு அவர் பேர்தான். அதுலயும் கை சும்மா தொங்கும், ஆட்டுறது உடம்புதான். 2000ல் ஜான் மெக்முல்லன், டிம் உல்னு ரெண்டு பேர் இதை இன்னும் விளக்கமா எழுதினாங்க. கால்ல கிளம்புற விசை இடுப்பு, முதுகு, தோள்பட்டை எலும்பு வழியா கைக்கு வருது. அதனால கை கட்டுல இருக்கும்போதே காலையும் இடுப்பையும் பழக்கலாம்ங்கிறாங்க. கையை முழுசா உயர்த்தும்போது சுமார் மூணுல ஒரு பங்கு தோள்பட்டை எலும்பு திரும்புறதுதான். அதை விட்டுட்டு மூட்டை மட்டும் முறுக்கினா? என்னோட அந்த ரெண்டு ராத்திரிதான்.

சிலம்பத்துலயும் கம்பைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி காலடிதானே சொல்லித் தராங்க.

தாத்தா பிறந்தப்ப எங்க ஊரு திருச்சி மாவட்டம். 1995ல் பெரம்பலூர் மாவட்டம், 2001ல் அரியலூர், 2002ல் மறுபடி பெரம்பலூர், 2007ல் திரும்பவும் அரியலூர். வீடு மட்டும் நகரல. கட்டை எங்கேன்னு அத்தைக்குப் போன் போட்டேன்.

"ரெண்டுல ஒண்ணு வெந்நீர் அடுப்புக்குப் போச்சுடா தம்பி. உங்க மாமாதான் வெட்டினாரு. இன்னொண்ணு மாட்டுக்கொட்டாய்க் கதவுக்கு அண்டக் கொடுத்திருக்கு."

போய் எடுத்துட்டு வந்தேன், வலது கையாலதான். பிடியில தாத்தா கை பட்டு வழவழன்னு இருக்கு, அடியில கரையான். அந்தப் பொண்ணுகிட்ட போட்டோ காட்டினேன். சிரிச்சுட்டு, "இப்ப இதைத் தொட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல சார்"னு ஒரு அரை லிட்டர் தண்ணி பாட்டிலைக் கையில கொடுத்துச்சு. நேத்து பாட்டில் காது வரைக்கும் போச்சு. பஸ் கம்பிக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி.